இன்னி ஆற்றில் பிடித்த இந்த மீன் சப் தானா? படம் பார்த்துச் சொல்லுங்கள்

ஆற்றோரம் (லாங்ஃபர்ட்) – சனி, இரவு 10:15

எல்லோருக்கும் வணக்கம். அயர்லாந்தின் லாங்ஃபர்ட்டுக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது, தூண்டில் பழகி ஒரு வருடம். இன்று மாலை பாலிமஹனுக்குக் கீழே இன்னி ஆற்றில் டிரவுட் மீனுக்காக நின்றிருந்தேன். ஒரு மணி நேரம் ஒன்றும் இல்லை. அப்புறம் ஒரு இழுப்பு. கரைக்குக் கொண்டுவந்தால் டிரவுட் இல்லை. ஒரு சாண் நீளம், வெள்ளி உடம்பு, பெரிய செதில்கள், ஒவ்வொன்றின் விளிம்பிலும் லேசான கருப்பு, அடித் துடுப்புகளில் சிவப்பு. என்ன செய்வதென்று தெரியாமல் கைவலையோடு தண்ணீரிலேயே வைத்திருந்தேன். நாயைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் வந்த பெரியவர் ஒருவர் எட்டிப் பார்த்தார். "சப்பாக இருந்தால் திரும்ப விடாதே" என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டார்.

அவர் சொன்னதை நம்பி மீனை வீட்டுக்குக் கொண்டுவந்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன். இப்போது மனசு உறுத்துகிறது. ரோச் மீன் பிடித்தால் எல்லோரும் திரும்ப விடுகிறார்கள், சப்பை மட்டும் ஏன் விடக்கூடாது? வெளியிலிருந்து வந்த ஒரு மீன் டிரவுட்டை அவ்வளவு பாதிக்குமா? படம் இரண்டு போட்டிருக்கிறேன்.

தக்கை (மல்லிங்கர்) – சனி, இரவு 11:02

தம்பி, பார்க்க வேண்டிய இடம் மட்டும் படத்தில் மறைந்துவிட்டது. வாலுக்கு முன்னால் அடிவயிற்றில் ஒரு துடுப்பு இருக்கும். அதன் ஓரம் வெளியே உப்பி வளைந்திருந்தால் சப். உள்ளே குழிந்திருந்தால் டேஸாக இருக்கலாம், ரோச்சாக இருக்கலாம், கலப்பாகவும் இருக்கலாம். மீனை எடுத்து, அந்தத் துடுப்பை விரலால் நன்றாக விரித்துப் பிடித்து இன்னொரு படம் போடுங்கள். வாயைப் பக்கவாட்டில் ஒன்று. சப்புக்கு வாய் அகலம், உதடு தடிப்பு. ரோச் என்றால் மேலுதடு கொஞ்சம் முன்னால் நீட்டியிருக்கும், கண் சிவந்திருக்கும். ரட் என்றால் கீழ்த்தாடை முன்னால் வரும், முதுகுத் துடுப்பு பின்னால் தள்ளித் தொடங்கும்.

உறுத்த வேண்டாம். அந்தப் பெரியவர் சொன்னது சரியான பேச்சு. 2000-களின் நடுவில் இன்னியில் சப் இருப்பது தெரியவந்தது. அதற்கு முன் இந்தத் தீவில் சப் நிலைகொண்டதே இல்லை. மீன்வளத் துறை ஆட்கள் படகில் வந்து, மின்சாரம் பாய்ச்சி மீனை மயங்க வைத்து, சப்பை மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு மற்றதைத் திரும்ப விட்டார்கள். பல வருடம் இப்படிச் செய்தார்கள். ஒருநாள் ஒரு பாலத்தின் மேல் நின்று நானே பார்த்தேன். முன்னால் ஒருவர் நீளக் கம்பியைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு போகிறார். இரண்டு பக்கமும் வெள்ளி வயிறுகள் மேலே புரண்டு வருகின்றன. பின்னால் வருகிறவர் கைவலையில் ஒவ்வொன்றாக அள்ளி, திருப்பிப் பார்த்து, தொட்டியில் போடுகிறார். நூற்றுக்கணக்கான மீனுக்கு நடுவில் ஒன்றிரண்டைத் தேடுகிற வேலை. முடிந்தது, சப் ஒழிந்தது என்றுதான் நம்பினோம். 2019 ஜூலையில் மறுபடியும் வந்திருப்பது உறுதியானது.

எங்கிருந்து வந்தது? மிச்சம் இருந்து பெருகியதா, யாராவது மறுபடி கொண்டுவந்து விட்டார்களா? எனக்கு இரண்டாவதில்தான் சந்தேகம் அதிகம். சப் கடலைத் தாண்டி நீந்தி வராது. முதல் தடவை யாரோ ஒருவர் கொண்டுவந்து விட்டதுதானே.

மீனா (கால்வே) – ஞாயிறு, காலை 8:40

ஆற்றோரம், உங்கள் கேள்விக்குப் பனியுகத்திலிருந்துதான் பதில் தொடங்க வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

பனி உருகியபோது அயர்லாந்தின் ஆறுகள் வெறுமையாக இருந்தன. பிரிட்டனின் கிழக்கு ஆறுகளுக்கு ஐரோப்பாவோடு நன்னீர்த் தொடர்பு இருந்தது, அந்த வழியில் கெண்டை இன மீன்கள் பல அங்கே வந்து சேர்ந்தன. இங்கே அப்படி இல்லை. கடல் வழியாக, உப்புத் தண்ணீரைத் தாங்கி வரக்கூடிய மீன்கள்தான் வந்தன. சால்மன், டிரவுட், ஆர்க்டிக் சார், விலாங்கு, லாம்ப்ரே, பொல்லான், ஷாட், ஸ்டிக்கிள்பேக், அவ்வளவுதான். போட்டிக்கு ஆள் இல்லாததால் டிரவுட் ஒரே இனமாக இருந்துகொண்டே எத்தனையோ வடிவம் எடுத்தது. மெல்வின் ஏரி ஒன்றிலேயே மூன்று வகை டிரவுட் உண்டு. கிலாரூ அடியில் நத்தை தின்கிறது, சோனகன் நடுநீரில் மிதவை உயிர்களைத் தின்கிறது, ஃபெராக்ஸ் மற்ற மீன்களைத் தின்கிறது. ஒரே ஏரியில் வாழ்ந்தும் தனித்தனி இடங்களில் முட்டையிட்டு, மரபணுவிலேயே பிரிந்து நிற்கின்றன. கிலாரூ என்றால் ஐரிஷில் சிவந்த பையன். விலாவில் அந்தச் சிவப்புப் புள்ளிகளைப் பார்த்தால் பெயர் ஏன் என்று புரியும்.

இப்படி ஓர் இடத்துக்கு ரோச் வந்தது 1889-ல். மன்ஸ்டர் பிளாக்வாட்டர் ஆற்றுக்குப் பைக் மீன் பிடிக்க இங்கிலாந்திலிருந்து வந்தவர்கள் உயிர் இரையாக ரோச்சையும் டேஸையும் கொண்டுவந்தார்கள். வெள்ளத்தில் அவை தப்பி ஆற்றில் கலந்தன. அப்போது போனவை அத்தோடு நிற்கவில்லை. வடக்கே டைரோன் பக்கம், ஃபாயில் நீர்த்தொகுதியில் தனியாக ரோச் விடப்பட்டது. அங்கிருந்து ஏர்ன் ஏரிகள், 1970-களில் நே ஏரி, ஷானன் ஆறு, 1980 வாக்கில் காரிப் ஏரி. நூறு வருடத்துக்குள் தீவைச் சுற்றிவிட்டது. தானாக நீந்திப் போனது கொஞ்சம். வாளியில் போனதுதான் அதிகம் என்பது என் எண்ணம், ஏனென்றால் ஒன்றோடொன்று சேராத நீர்த்தொகுதிகளுக்குள் அது தாவியிருக்கிறது.

ரோச் பரவியதில் முதல் அடி டிரவுட்டுக்கு விழவில்லை, ரட்டுக்கு விழுந்தது. ரட்டும் பழைய காலத்தில் கொண்டுவரப்பட்டதுதான். ரோச் வந்த ஏரிகளில் ரட் குறைந்துபோனது, இரண்டும் கலந்த குட்டிகள் பெருகின. நே ஏரியில் ரோச் பெருகியபோது நத்தை, புழு தின்னும் குடுமி வாத்துகள் குறைந்ததை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். மீனும் வாத்தும் ஒரே இரையைத் தேடின.

சேற்றுத்துறை (கேவன்) – ஞாயிறு, மதியம் 12:20

மீனா சொன்ன வரலாறு சரி. ஆனால் இந்தப் பேச்சு ஒவ்வொரு முறையும் மீன் மேலேயே போய் நிற்கிறது. என் வீடு ஷீலின் ஏரிக்குப் பக்கம். எங்கள் ஊரில் கேட்டுப் பாருங்கள், டிரவுட்டைக் கெடுத்தது எது என்று. 1970-களில் சுற்றிலும் பன்றிப் பண்ணைகள் பெருகின. அந்தக் கழிவைப் பக்கத்து நிலங்களில் கொட்டினார்கள், மழையில் அது ஏரிக்கு வந்தது. மே மாதம் மேஃப்ளை ஈக்கள் கூட்டமாக எழும்போது பார்க்க ஊர் ஊராக ஆட்கள் வரும் ஏரி, பாசி பிடித்துப் பச்சைக் கஞ்சியானது. அதற்குப் பிறகுதான் ரோச் அங்கே கொழித்தது. பச்சைத் தண்ணீர் டிரவுட்டுக்கு விஷம், ரோச்சுக்குச் சோறு.

இன்னி ஆறு ஷீலின் வழியாகத்தான் ஓடிவருகிறது என்பதை ஆற்றோரம் கவனிக்க வேண்டும். அந்த ஆற்றுக்கு நடந்தது இன்னொன்று. 1945-ல் வடிகால் சட்டம் வந்தது. விளைநிலத்தில் தண்ணீர் நிற்கக் கூடாது என்று ஆறுகளின் அடியை இயந்திரம் வைத்து வாரினார்கள். 1960-களில் இன்னிக்கும் அது நடந்தது. டிரவுட் என்ன கேட்கிறது? சரளைக் கல், சலசலத்து ஓடும் தண்ணீர், இடையிடையே ஒரு மடு. நவம்பரிலிருந்து ஜனவரிக்குள் பெட்டை வாலால் சரளையைக் கிளறிக் குழி பறித்து முட்டையிடும், மேலே கல்லை மூடிவிட்டுப் போகும். அந்தக் கல்லின் இடுக்கில் தண்ணீர் ஓடினால்தான் முட்டை மூச்சு விடும். சேறு படிந்தால் செத்தது. அடியை வாரி நேராக்கிய ஆற்றில் சரளையும் இல்லை, மடுவும் இல்லை, ஒரே மட்டமான கால்வாய். அப்படி ஒரு கால்வாயை ரோச்சுக்காகவே வெட்டிக் கொடுத்தது போல் இருக்கிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். 1980-களின் கடைசியில் இந்த நாட்டில் மாசே இல்லாத ஆற்று இடங்கள் 500-க்கு மேல் கணக்கில் இருந்தன. 2018 வாக்கில் அது 20. இதைச் செய்தது சப்பா? மீனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினால் சாணிக் கழிவைக் கொட்டியவனும் உரத்தை அளவில்லாமல் போட்டவனும் தப்பித்துவிடுவார்கள். இதைப் பார்த்துப் பார்த்து நான் வெறுத்துப்போயிருக்கிறேன்.

கார்த்திக் (டப்ளின்) – ஞாயிறு, மதியம் 1:05

தூண்டில் தொடாத ஆள், வாசிக்க மட்டும் வந்தேன். இது நம் ஊர்க் குளங்களில் ஜிலேபிக் கெண்டை நிறைந்த கதை போலத்தானே?

தக்கை (மல்லிங்கர்) – ஞாயிறு, மதியம் 1:30

ஒரு வகையில் ஆமாம். ஆனால் ஜிலேபி தன் முட்டையை வாயில் வைத்துக் காப்பாற்றிப் பெருகுகிறது. இங்கே எண்ணிக்கைதான் பலம். அரைக் கிலோ டிரவுட் ஆயிரம் முட்டை அளவில் இடும், அதுவும் குளிர்காலம் முழுக்கக் கல்லுக்கு அடியில் கிடக்க வேண்டும். ஒரு நல்ல ரோச் பல்லாயிரம் முட்டையைத் தண்ணீர் சூடேறிய பிறகு செடிகள் மேல் தெளித்துவிட்டுப் போய்விடும், சில நாட்களில் பொரிந்துவிடும்.

மீனா (கால்வே) – ஞாயிறு, மாலை 4:10

சேற்றுத்துறை அண்ணா, உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. காரிப்பில் ஆர்க்டிக் சார் காணாமல் போனதைப் பற்றிப் பேச்செடுத்தால் எங்கள் ஊரிலும் இப்படித்தான் குரல் உயரும். கான் ஏரியில் 1990 வாக்கில் சார் மறைந்தது, அதற்கு முதல் காரணம் ஏரியில் உரச்சத்து ஏறியதுதான். அதை யாரும் மறுக்க முடியாது.

ஆனாலும் "தண்ணீர் சுத்தமானால் மீன் பிரச்சினை தீர்ந்துவிடும்" என்பதை நான் ஏற்க மாட்டேன். ரோச்சுக்கு அது பெருமளவு பொருந்தும். அழுக்கிலும் மெதுநீரிலும் கொழிக்கிற மீன் அது. கோடையில் தண்ணீர் 20 டிகிரி நெருங்கும்போது டிரவுட் இரை எடுப்பதைக் குறைத்துக்கொண்டு குளிர்ந்த ஊற்று வரும் இடமாகத் தேடி ஒதுங்கும். ரோச் அப்போதுதான் சுறுசுறுப்பாகத் திரியும்.

டேஸும் சப்பும் வேறு ரகம். டேஸ் மெதுநீர் மீன் இல்லை. ஆழம் குறைந்த, வேகமாக ஓடும் சுத்தமான தண்ணீர்தான் அதற்கும் பிடிக்கும், அதுவும் சரளையில்தான் முட்டையிடும். அதாவது டிரவுட் குட்டியும் சால்மன் குட்டியும் நிற்கிற அதே கல்லுக்குப் பின்னால் போய் நிற்கும். மேலிருந்து விழும் பூச்சிக்கு மூன்றும் ஒன்றாகப் பாயும். டேஸ் கூட்டமாக வரும். டிரவுட் குட்டி தன் இடத்தைத் தனியாகக் காக்கப் பார்க்கும், ஒரு கூட்டத்தை எப்படித் துரத்தும்? பாரோ ஆற்றில் 1990-களில் டேஸ் வந்தது, நோர் ஆற்றுக்கும் பரவியது. அந்த ஆறுகளைக் கண்ணாடி போல் சுத்தம் செய்தாலும் டேஸ் போகாது. சப் இன்னும் பெரியது, 20 வருடம் வாழக்கூடியது, பழத்திலிருந்து சிறு மீன் வரை எதையும் தின்னும். அதற்கும் ஓடும் தண்ணீர் பிடிக்கும்.

என்னைக் கேட்டால், புகுந்த மீன் எவ்வளவு பெருகும் என்பதைத் தண்ணீரின் நிலை முடிவு செய்கிறது. எந்த ஆற்றில் புகும் என்பதை மனிதன் கை முடிவு செய்கிறது. முதலாவதைச் சரிசெய்யத் தலைமுறைகள் ஆகும், செய்துதான் ஆக வேண்டும். இரண்டாவது நாளைக் காலையிலிருந்தே நம்மால் முடியும்.

பவானி (போர்ட்லீஷ்) – ஞாயிறு, இரவு 9:55

மீனா கடைசியில் எழுதியதைப் படித்ததிலிருந்து இதைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது.

ஏழெட்டு வருடம் முன்னால், என் மகனுக்கு அப்போது ஆறு வயது. ஒரு கால்வாய்க் கரையில் ரோச் பிடித்தோம், விரல் நீளக் குட்டிகள். அவனுக்கு அவற்றை விட்டுவர மனமே இல்லை. அழுகை. சரி என்று பெயிண்ட் வாளியில் தண்ணீர் பிடித்து ஆறு குட்டிகளைப் போட்டுக் காரில் கொண்டுவந்தோம். எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு குட்டை இருந்தது, அதில் விட்டோம். வாளியைச் சாய்த்தபோது அவை ஒரு நொடி விளிம்பில் தயங்கி நின்று, பிறகு ஒவ்வொன்றாக இருட்டுக்குள் போனது இன்னும் கண்ணில் இருக்கிறது. மகன் கை தட்டினான். நல்ல காரியம் செய்ததாகத்தான் நினைத்தேன். உயிரைக் காப்பாற்றினோம் என்று.

ஒரு மழைக்காலத்தில் அந்தக் குட்டை நிரம்பி வழிந்து, வேலி ஓரமாக ஒரு சிறு வாய்க்காலில் போவதைப் பார்த்தேன். வாய்க்கால் எங்கே போகிறது என்று அப்போதுதான் வரைபடத்தில் தேடினேன். ஓர் ஓடைக்கு, ஓடை ஆற்றுக்கு. அந்த ஓடையில் டிரவுட் முட்டையிடுகிறது என்பது பிறகு தெரிந்தது.

உயிருள்ள மீனை ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோய் விடுவது இந்த நாட்டில் சட்டப்படி குற்றம், உயிருள்ள மீனை இரையாகப் பயன்படுத்துவதும் குற்றம் என்பது எனக்கு அப்போது தெரியாது. யாரும் சொல்லவில்லை என்பது ஒரு காரணம் ஆகாது, நான் கேட்கவும் இல்லை. இந்தியாவிலிருந்து வந்து புதிதாகத் தூண்டில் எடுக்கிற குடும்பங்கள் நிறைய. குழந்தைகளோடு போகிறவர்கள் தயவு செய்து வாளியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

தக்கை (மல்லிங்கர்) – ஞாயிறு, இரவு 10:20

பவானி, இதை எழுத மனம் வேண்டும், நன்றி. அந்தக் குட்டையைப் பற்றி மீன்வளத் துறைக்கு இப்போது சொன்னாலும் பயன் உண்டு. ஓடைக்குப் போகும் வழியில் என்ன இருக்கிறது என்று அவர்களால் பார்க்க முடியும். தண்டிப்பார்களோ என்று பயந்து பேசாமல் இருப்பவர்களால்தான் பாதித் தகவல் வருவதில்லை.

சேற்றுத்துறை (கேவன்) – திங்கள், காலை 7:15

இரவு பவானி எழுதியதைப் படித்தேன். நான் நேற்று எழுதியதில் ஒரு பாதி விட்டுப்போனது என்று ஒப்புக்கொள்கிறேன். ஷீலினில் தண்ணீர் கொஞ்சம் தேறி வந்த வருடங்களும் உண்டு, டிரவுட்டும் திரும்ப வந்தது. ரோச் மட்டும் போகவே இல்லை. மாசைப் பின்னுக்குத் திருப்ப ஒரு வழியாவது இருக்கிறது. மீனைத் திருப்ப வழி இல்லை. ஒரு கிலோமீட்டர் நீளத்தில் ஒன்றிரண்டு சப்பைத் தேடி வருடக்கணக்கில் அலைந்தும் அது மறுபடி வந்துவிட்டதே.

பைக்கைப் பற்றியும் யாராவது ஆரம்பிப்பீர்கள் என்று தெரியும். அது இங்கே பூர்வீகமா இல்லையா என்பதற்குத் தனி இழையே போதாது, இங்கே வேண்டாம்.

கார்த்திக் (டப்ளின்) – திங்கள், காலை 9:30

ஒன்று கேட்கிறேன். ரோச் பிடிக்கவென்றே பிரிட்டனிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், எனிஸ்கில்லன் பக்கம் போட்டிகள் நடக்கின்றன, விடுதிக்காரர்கள் அதில் பிழைக்கிறார்கள் என்கிறார்கள். அவர்களுக்கு இந்த வந்தேறி மீன்கள் வேண்டும்தானே?

மீனா (கால்வே) – திங்கள், காலை 10:05

வேண்டும்தான். ஏர்னிலும் ஷானனிலும் ரோச் இனி இருக்கத்தான் போகிறது, அதை வைத்துப் பிழைக்கிறவர்கள் பிழைக்கட்டும். அவர்களில் பலர் விதிகளை நம்மைவிட நன்றாகக் கடைப்பிடிக்கிறார்கள். பேச்சு இன்னும் புகாத ஆறுகளைப் பற்றியது.

ஒரு சொல் மட்டும். வந்தேறி என்று எழுதாதீர்கள். இந்த ஊரில் நம் குழந்தைகளைப் பார்த்தும் இதே பொருளில் ஒரு சொல்லை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். மீன் தானாக வரவில்லை, தூக்கி வந்து போடப்பட்டது. அயல் மீன் என்று சொன்னால் போதும்.

கார்த்திக் (டப்ளின்) – திங்கள், காலை 10:12

சரி, புரிந்தது. இனி எழுத மாட்டேன்.

கோடப்பமந்து (ஊட்டி) – திங்கள், மதியம் 2:40

அயர்லாந்தோடு தொடர்பு இல்லாத ஆள், ஆனால் டிரவுட்டோடு உண்டு. எங்கள் நீலகிரி ஓடைகளுக்கு டிரவுட்டைக் கொண்டுவந்தவர்கள் வெள்ளைக்காரர்கள். அவலாஞ்சியில் 1907-லிருந்து குஞ்சு பொரிப்பகம் இருக்கிறது. அங்கே காப்பாற்றப்பட வேண்டிய அதே குடும்பத்து மீன் இங்கே அயலார். ஆறு மாறினால் நியாயமும் மாறுகிறது. அயர்லாந்து டிரவுட் பனி உருகியதிலிருந்தே அங்கே இருக்கிறது என்று மீனா சொல்வதைப் படிக்கும்போது, எங்கள் ஓடைகளில் டிரவுட்டுக்கு முன்னால் என்னென்ன சிறு மீன்கள் இருந்தன என்று யாரும் சரியாக எழுதி வைக்கவில்லையே என்ற வருத்தம்தான் வருகிறது. உங்களிடம் கணக்கு இருக்கிறது. அதை விடாதீர்கள்.

ஆற்றோரம் (லாங்ஃபர்ட்) – புதன், இரவு 8:50

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு காலையிலேயே மீனை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, தட்டில் வைத்துத் துடுப்பை விரித்தேன். ஓரம் உள்ளே குழிந்துதான் இருந்தது. பக்கவாட்டுக் கோட்டில் செதிலை ஊசி முனையால் தொட்டுத் தொட்டு எண்ணினேன், மூன்று தடவை. இரண்டு தடவை 42, ஒரு தடவை 43. படங்களையும், நின்ற இடத்தையும் வரைபடத்தில் குறித்துத் துறைக்கு அனுப்பினேன். இன்று பதில் வந்தது. சப் இல்லை, ரோச்சும் ரட்டும் கலந்த மீன். மீனை வைத்திருந்து கேட்டது சரி, அடுத்த முறை சந்தேகம் வந்தாலும் இப்படியே செய்யுங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

மாலையில் மறுபடி அங்கே போனேன். அதே பெரியவர், அதே நாய். சப் இல்லை என்று சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. கொஞ்ச நேரம் என்னோடு நின்றார். ஆற்றை வாருவதற்கு முன்னால், அவர் சிறுவனாக இருந்தபோது, இந்த வளைவில் ஒரு மடு இருந்ததாம். மே மாத மாலைகளில் டிரவுட் மேலே வந்து ஈயை எடுக்கும் சத்தம் அவர்கள் வீட்டு வாசல்வரை கேட்குமாம். வீடு எங்கே என்று கேட்டேன். வயலுக்கு அப்பால், நடந்தால் ஐந்து நிமிடம் ஆகும் தூரத்தைக் காட்டினார்.

நாங்கள் நின்ற அரை மணி நேரத்தில் ஒரே ஒரு டிரவுட் எழுந்தது, எதிர்க்கரை ஓரமாக, ஆல்டர் மரத்து நிழலில். அவர்தான் முதலில் பார்த்தார். நான் தூண்டில் போடவில்லை.

அப்புறம் தக்கை அண்ணா, ஒரு கேள்வி. வேடர்ஸையும் (தண்ணீருக்குள் நிற்கப் போடும் உடை) கைவலையையும் கழுவி 48 மணி நேரம் காய வைக்க வேண்டும் என்று ஆற்றங்கரைப் பலகையில் போட்டிருக்கிறது. இந்த ஊர் மழையில் வெளியே காயவில்லை. குளியலறையில் தொங்கவிட்டிருக்கிறேன். ஷூவின் அடியில் ஒட்டியிருக்கும் கம்பளிப் பட்டை மட்டும் இரண்டு நாளாகியும் ஈரமாகவே இருக்கிறது. நீங்கள் அதை எப்படிக் காய வைக்கிறீர்கள்?

தக்கை (மல்லிங்கர்) – புதன், இரவு 9:15

கம்பளி அடி போட்ட ஷூவை மாற்றிவிடுங்கள் தம்பி, ரப்பர் அடி வாங்குங்கள். கம்பளிக்குள் தங்கும் ஈரத்தில்தான் கிருமி ஒளிந்து போகும். 2015-ல் கேவன் பக்கம் நன்னீர் இறாலுக்கு (கிரேஃபிஷ்) கொள்ளைநோய் வந்தது. அந்த நோயைச் சுமந்து வரும் வெளிநாட்டு இறால் அப்போது இந்தத் தீவில் எங்கும் கண்டறியப்படவில்லை, ஆனாலும் நோய் வந்தது. ஈரச் சாமானில் ஒட்டித்தான் வந்திருக்க வேண்டும் என்கிறார்கள். பழைய ஷூ கைவசம் இருக்கும்வரை ஒரு ஆற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வேறு ஆற்றுக்கு எடுத்துப் போக வேண்டாம். சனிக்கிழமை நான் பாலிமஹன் பக்கம் வருகிறேன், பாலத்துக்குக் கீழே ஆறு மணிக்கு நில்லுங்கள். அந்த ஆல்டர் மரத்தைக் காட்டுங்கள்.